எருமை முட்டிய தழும்பு

எங்கள் அப்பா அவர்கள் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய பிடரிக்குக் கீழே இருந்த தழும்பைக் கண்டிருப்பீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் எருமை முட்டியது என்றுதான் சொன்னோம். அது பொய். சண்டை ஓய்ந்துவிட்டது, அப்பாவும் போய்விட்டார். இனி அதைக் கட்டிக்காக்க வேண்டியதில்லை. அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா மண்டூரில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். தகப்பனாரை இளவயதிலேயே இழந்ததால் படிப்பை நிறுத்திவிட்டு வயலில் இறங்கினார். தம்பி தங்கைகளை ஆளாக்கிய பிறகுதான் அம்மாவைக் கைப்பிடித்துக் களுவாஞ்சிக்குடிக்கு வந்தார். ஆனாலும் அவருடைய வட்டை வாவிக்கு அக்கரையிலேயே இருந்தது. அந்த வயல்வெளி முழுவதற்கும் அவர்தான் விதானை. யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் பாய வேண்டும் என்பது அவர் வாயால் வரவேண்டும். அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவுக்குக்கூட முறை தப்பித் தண்ணீர் விட்டதில்லை. அதற்காக மாமா பல போகங்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது நீங்கள் அறிந்த கதை. அப்படிப்பட்ட மனிதர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அந்த எருமை.

நான் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். மடை பார்க்கப் போன ஒரு காலையில் வட்டைக்குள் ஷெல் விழுந்தது. அப்பாவைத் தோணியில் கிடத்தி ஓய்வுபெற்ற அப்போதிக்கரி வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் இரத்தத்தை நிறுத்தித் தையல் போட்டார். ஷெல் துண்டு முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் ஆழமாகக் கிடக்கிறது, தோண்டினால் கைகால் விழுந்துவிடும், அப்படியே விடுங்கள் என்றார். வாயையும் மூடிக்கொள்ளுங்கள் என்றார். ஷெல் காயத்தோடு பிடிபட்ட ஆண்கள் விசாரணைக்கென்று போய்த் திரும்பாமல், வீட்டார் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்த காலம் அது. சண்டையில் பட்டதல்ல, வயலில் நின்றவருக்குப் பட்டது என்று யாரிடம் போய் நிரூபிப்பது?

அன்றைக்குப் பிறந்ததுதான் எருமை. யாருடைய எருமை என்று கேட்பார்கள் என்பதால் கட்டாக்காலி எருமை என்று அப்பா சொன்னார். மாமா அதுவரை இருந்த கோபத்தையெல்லாம் மறந்து, பொல்லோடு ஊர் ஊராக அந்த எருமையைத் தேடித் திரிந்தார். அவருக்குக்கூட நாங்கள் சொல்லவில்லை. குருமண்வெளித் தோணித் துறையடியில் இராணுவத்தினர் சட்டையைக் கழற்றச் சொல்லும் போதெல்லாம் அப்பா கொம்பு மாதிரிக் கையை வைத்துக் காட்டுவார். பலர் சிரித்துவிட்டுப் போகவிட்டார்கள். அவர் திரும்பி வரும்வரை அம்மா அடுப்பை மூட்டமாட்டார்.

வருடங்கள் போக, அப்பாவுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு தண்ணீர் முறை, பிறகு எங்கள் பெயர்கள். அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டுத் துறையடிக்குப் போய்விடுவார். அக்கரைச் சனமெல்லாம் சண்டைக்குப் பயந்து சட்டி பானையோடு இக்கரைக்கு வந்துகொண்டிருந்த நாட்களில் அவர் மட்டும் மடை திறக்க வேண்டும் என்று அக்கரைக்குக் கிளம்புவார். அவரைப் பிடித்து இழுத்து வருவதே எங்களுக்கு வேலையாகிப் போனது. மட்டக்களப்பில் பார்த்த டாக்டர், முன்பொருமுறை சைக்கிளில் இருந்து விழுந்ததில் மண்டைக்குள் இரத்தம் கட்டியிருந்தால் சுகப்படுத்திவிடலாம், மூளையே சுருங்கியிருந்தால் வழியில்லை, எதுவென்று அறியக் கொழும்புக்குக் கொண்டுபோய் எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்றார். அந்த 'சுகப்படுத்திவிடலாம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டோம். நானும் அப்பாவும் பஸ் ஏறும்போது, வழியனுப்ப வந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"ஆர் கேட்டாலும் எரும எண்டே சொல்லு. உசிர் போனாலும் மாத்திராத."

கொழும்பு ஆஸ்பத்திரியின் நடையில் ஒரே வாங்கில் எங்களோடு ஒரு இளம் சிப்பாயும் இருந்தார். தலையில் கட்டு. பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவர் காவலுக்கு நின்றார். சிப்பாய் நகர்ந்து அப்பாவுக்கு இடம் விட்டார். மெஷினைப் பார்க்கும் மிஸ் வந்து அவரிடம் ஏதோ கேட்டார். அவர் கூச்சமே இல்லாமல் தோளையும் தொடையையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்பது எனக்குப் பாஷை தெரியாமலே விளங்கியது. உடனே அவரை அந்த அறைக்குள் விடாமல் வேறு மெஷினுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மிஸ் அடுத்து எங்களிடம் வந்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"ஐயாட உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கா? இது பெரிய காந்தம். இருந்தா இழுக்கும்."

எனக்கு முந்தி அப்பா பதில் சொன்னார். காலையில் என்னை யாரென்று கேட்டவர், தண்ணீர் குடிக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டியவர், தெளிவாகச் சொன்னார். "ஒண்டுமில்ல. எரும முட்டினது." கொம்பையும் கையால் காட்டினார். மிஸ் சிரித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

நான் உண்மையைச் சொன்னால், துப்பாக்கியோடு நிற்பவர் கேட்டுவிட்டால், அப்பாவை இந்த நடையிலிருந்தே கொண்டுபோகலாம். விசாரிப்பவர்களுக்குத் தன் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இத்தனை காலம் அசையாமல் கிடந்த துண்டை அந்தக் காந்தம் இழுக்கும். சிப்பாயையே உள்ளே விடாத அறை அது. அப்பா எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார். நான் ஓடிப்போய் மிஸ்ஸின் காதோடு சொன்னேன்.

"மிஸ், இருக்கு. பிடரிக்குக் கீழ. ஷெல் துண்டு. வயலுக்குள்ள நிக்கக்குள்ள பட்டது."

அவர் என்னைப் பார்த்தார். காவலுக்கு நின்றவரைப் பார்த்தார். அப்பா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"எரும எண்டு சொல்லு, புள்ள."

என் பெயர் அவருக்குத் தெரியவில்லை. நான் மகள் என்பதும் தெரியவில்லை. ஆனால் எதையோ காப்பாற்ற வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மிஸ் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு நடைமுழுக்கக் கேட்கும்படி சிங்களத்தில் யாருக்கோ சத்தமாகச் சொன்னார். கிழவர் மெஷினுக்குப் பயப்படுகிறார், சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புகிறேன் என்று சொன்னதாகவும், அதில் காந்தம் இல்லை என்றும் பிறகு என் காதோடு தமிழில் சொன்னார். எங்கள் பொய்க்குப் பக்கத்தில் அவர் தன்னுடைய பொய் ஒன்றையும் வைத்தார். படங்களைத் தரும்போது, கழுத்தில் துண்டு தெரிந்த படத்தை மட்டும் உறைக்குள் போடாமல் எடுத்து வைத்துக்கொண்டார். வழியில் பார்ப்பார்கள் என்றார்.

பார்த்தார்கள்தான். திரும்பி வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கி, படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, அப்பாவின் மண்டைக்குள் இருந்ததையெல்லாம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். அப்பா என் தோளில் சாய்ந்து நித்திரையாக இருந்தார்.

மட்டக்களப்பு டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். இரத்தம் கட்டவில்லை. மூளை சுருங்கியிருந்தது. காதுக்கு உட்புறமாக, புதிய ஞாபகங்கள் பதிகிற இடத்தில் கறுப்பு இடைவெளி தெரிந்தது. ஒரு வருடம் கழித்து மீண்டும் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தபோது அந்தக் கறுப்பு இன்னும் அகன்றிருந்தது. தண்ணீர் விடாத வயல் வரம்போரமாகக் காய்ந்து உள்ளே வருவதைப் போல. அப்பாவுக்குக் காட்டியிருந்தால் யாருடைய முறை தப்பியது என்று கேட்டிருப்பார். பழைய ஞாபகங்கள் கடைசியில்தான் போகும் என்றார் டாக்டர். எருமை ஏன் போகவில்லை என்று எனக்கு விளங்கியது.

அப்பாவுக்குத் தையல் போட்டு, இறக்கும்வரை வாய் திறவாத அப்போதிக்கரி ஐயாவுக்கும், துறையடியிலிருந்து அவரைத் திரும்பத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிவந்த தோணிக்காரருக்கும், கடைசிக் காலத்தில் தூக்கிக் குளிப்பாட்ட உதவிய அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் நன்றி. பெயர் தெரியாத அந்த மிஸ்ஸுக்கு இந்த மலர் போய்ச் சேராது. ஆனாலும் அவரை நினைக்காமல் எங்கள் வீட்டில் விளக்கு வைப்பதில்லை. மாமா, உங்களிடம் மறைத்ததற்குக் கோபிக்க வேண்டாம். அந்த எருமையை இனித் தேடவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். கடைசி நாட்களில் ஒரு காலை, முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தழும்பைத் தடவினார். இதென்ன என்று என்னைக் கேட்டார். எருமையும் போய்விட்டது. சண்டை முடிந்து, துறையடியில் அப்போது சோதிக்க யாரும் நிற்கவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"எரும முட்டினது, அப்பா."

அப்பா கவலையோடு கேட்டார்.

"எருமைக்கு ஒண்டும் ஆகல்லையே?"

இல்லை அப்பா, அது நன்றாக இருக்கிறது என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் தலையைச் சாய்த்தார்.

மூத்த மகள்