கோணி

கைபேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்த என் மகள் துள்ளினாள். "அம்மா, சாக்குப் பைய இங்கிலீஷ்ல 'கன்னி பேக்'னு சொல்றாங்கல்ல, அது நம்ம கோணியிலருந்து போன வார்த்தையாம்!"

அவளுக்குப் பெருமை. எனக்கு முகம் கூசியது.

செஞ்சியில் நான் எட்டாவது படித்தபோது, கோட்டை மலையே தெரியாத அளவுக்கு ஒரு மழை. பள்ளி விடும் நேரம். நெல் மண்டியில் மூட்டை தூக்கும் நைனா, என் அப்பா, கோணியின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகி, தலையும் முதுகும் மறையப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஈரச்சணல் நாற்றம் எங்கள்வரை வந்தது.

"யாருடி அது?" என்றாள் தோழி.

"மண்டி ஆளு. எங்கப்பா அனுப்பியிருக்காரு."

நைனாவுக்குக் கேட்டுவிட்டது. "ஆமாம்மா, உங்கப்பாதான் குடுத்தனுப்பினாரு" என்று, சட்டைக்குள் நனையாமல் மடித்து வைத்திருந்த இன்னொரு கோணியை நீட்டினார். நான் வாங்கவில்லை. தோழியின் குடைக்குள் புகுந்துகொண்டேன். அவர் பத்தடி பின்னால், யாரோ மாதிரி நடந்து வந்தார். வீட்டுக்கு வந்ததும், "தலைய தொடைச்சிக்கோ" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி என்றைக்குமே பேசவில்லை. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது.

"தாத்தா மண்டியில மேஸ்திரியா இருந்தாருல்ல, அவருக்கு இது தெரிஞ்சிருக்குமாம்மா?" என்று கேட்டாள் மகள்.

மேஸ்திரி என்று அவளிடம் சொல்லி வைத்தது நான்தான். இல்லைடி, மூட்டை தூக்கினார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரிஞ்சிருக்கும்" என்று மட்டும்தான் வந்தது.