மதினியும் நானும் லே போனது

லேக்குப் போகலாம் என்று சொன்னது நான். உடனே சரி என்றது மதினி, அதாவது என் அண்ணன் மனைவி. எம்.ரெட்டியபட்டியில் அண்ணனோடு சேர்ந்து பருத்தியும் கம்பும் போடுகிறவர். நான் அருப்புக்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் வெளியூரில். இரண்டு வீட்டு ஆண்களுக்கும் குளிர் ஆகாது. மதுரையில் ஒரு டிராவல்ஸ்காரர் லடாக்குக்கு ஆள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டதும் இரண்டு பேருமே பெயர் கொடுத்துவிட்டோம்.

"பச்சையா இருக்குமாத்தா?" என்று மதினி போனில் கேட்டார். அவருக்கு அது ஒன்றுதான் முக்கியம். வருசம் பூராவும் காய்ந்த கரிசலையே பார்த்த கண்.

"மலை மதினி. மலையில பச்சை இல்லாம இருக்குமா?" என்றேன். எனக்குத் தெரிந்த மலை கொடைக்கானல்தான்.

உயரமான ஊர், மூச்சு வாங்கும் என்று டிராவல்ஸ்காரர் பயமுறுத்தியிருந்தார். அதனால் நான் தினமும் காலையில் பாளையம்பட்டி வரைக்கும் வேக நடை போனேன். அதற்கென்றே ஷூ வாங்கினேன். மதினி ஒன்றும் செய்யவில்லை. "காட்டுல நடக்காத நடையா?" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

டெல்லியிலிருந்து அதிகாலை விமானம். ஜன்னலோரத்தில் மதினி. பனி மூடிய சிகரங்கள் வந்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டார். பனி முடிந்து, விமானம் இறங்க இறங்க, கீழே மண் நிறத்தில் மலை, மண் நிறத்தில் தரை. ஒரு மரம் இல்லை.

"ஏத்தா, நம்மள நம்மூரு பந்தல்குடிப் பொட்டலுக்கே திருப்பிக் கொண்டாந்துட்டாகளா?"

முன்சீட்டில் இருந்த மதுரைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு தூரம் கூட்டிவந்து இன்னொரு வானம் பார்த்த பூமியைக் காட்டிவிட்டேனே என்று இருந்தது.

தங்கின வீடு ஊரின் மேட்டுப்பக்கம். வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெயிலில் சிவந்த கன்னம், நீளமான அங்கி, வாய் நிறையச் சிரிப்பு. "ஜூலே" என்று கும்பிட்டார். வணக்கத்துக்கும் நன்றிக்கும் போய்வருகிறேனுக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான். மதினிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "சிக்கனமான ஆளுக" என்றார்.

இரண்டு நாள் படுத்தே இருங்கள், குளிக்கக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார் டிராவல்ஸ்காரர். மதியத்துக்குள் எனக்குத் தலைக்குள் யாரோ ஆணி அடிக்க ஆரம்பித்தார்கள். சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் ஆக்ஸிஜன் வைத்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வேக நடை, புது ஷூ எல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. சர்க்கரையும் மூட்டுவலியும் உள்ள மதினியோ எனக்குப் பூண்டு சூப் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா மதினி?"

"பசிக்கித்தா. அது ஒரு வியாதியா?"

மறுநாள் மாலை நான் தூங்கி எழுந்தபோது மதினியின் கட்டில் காலி. போன் தலையணைமேல் கிடந்தது. மதினிக்குத் தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. நெஞ்சு படபடவென்று அடித்தது. அது உயரத்தாலா பயத்தாலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. வீட்டுக்கார அம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே கீழ்ப்பக்கம் கையைக் காட்டிச் சிரித்தார்.

நாலு எட்டு நடப்பது, நின்று மூச்சு வாங்குவது, மறுபடி நாலு எட்டு. மண்சுவருக்கும் நெட்டை மரங்களுக்கும் நடுவே ஒரு சின்ன வாய்க்கால் ஓடியது. பனி உருகி வரும் தண்ணீர். அதன் கரையோடு போனால் திடீரென்று பச்சை. படிப்படியாகப் பார்லி வயல்கள். அதில் ஒரு வயலில் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகி, ஸ்வெட்டருக்குமேல் துண்டைக் கட்டி, குரங்குக் குல்லாயோடு மண்வெட்டி பிடித்து நிற்கிறார் மதினி!

எதிரில், மடை வாயில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கீழ் வயல்காரராம். அவர் மடையை அடைக்கக் குனிவதும், மதினி மண்வெட்டியைக் குறுக்கே நீட்டுவதுமாக இருந்தது. வயலுக்குச் சொந்தக்காரப் பெண் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"அந்தக் கடைசி மூலைக்கி இன்னும் தண்ணி ஏறல. கண்ணு தெரியலையாய்யா ஒமக்கு? எங்க மொற முடியட்டும், அப்பறம் அடைங்க!" என்று மதினி சுத்தமான எம்.ரெட்டியபட்டித் தமிழில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மதினி! என்ன செய்றீக?"

"வாத்தா. இந்தப் பிள்ள ஒத்தையில பாச்சிக்கிட்டு கெடந்துச்சு. நான் சும்மா கூட நின்னேன். இந்தாளு பாதியில வந்து அடைக்கப் பாக்காரு. நம்ம கம்மாயிலயும் இப்படி ஒருத்தர் வருவாருல்ல, அதே மூஞ்சி."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில், "கடைசி மூலைக்குத் தண்ணீர் வரட்டும் என்கிறார்" என்றேன். அவர் திரும்பி மூலையைப் பார்த்தார். பிறகு மதினியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, கரையில் போய் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் மெதுவாகப் போய் மூலையில் முட்டியது. அதன் பிறகு மதினியே புல்லோடு பெயர்த்த மண்கட்டியையும் கல்லையும் வைத்து மடையை அடைத்து, அவர் பக்கம் திருப்பிவிட்டார். "இப்பப் போங்க. ஜூலே!"

"ஜூலே, ஜூலே" என்று அந்த ஆள் கும்பிட்டுக்கொண்டே போனார்.

அந்தப் பெண் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினாள். உப்பும் வெண்ணெயும் போட்ட டீ. என்னால் ஒரு வாய்க்குமேல் முடியவில்லை. மதினி என்னுடையதையும் வாங்கிக் குடித்தார். அவள் அவள் மொழியில் எதையோ சொன்னாள், மதினி தமிழில் பதில் சொன்னார். இரண்டு பேரும் நிறுத்தவே இல்லை. நடுவில் நான் மட்டும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் எல்லோரும் பெரிய ஏரியைப் பார்க்கக் கிளம்பினார்கள். அது இன்னும் உயரம், எனக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதினியை மட்டுமாவது அனுப்ப நினைத்தேன். அவர் டிராவல்ஸ்காரரிடம், "அந்த ஏரித் தண்ணி நல்ல தண்ணியா?" என்று கேட்டார். உப்பு என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றி மூலையில் போட்டார்.

"உப்புத் தண்ணிக்கா இம்புட்டு தூரம்? எங்கூரு போர்லயே வருது."

எனக்காகத்தான் இருந்தார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் திட்டுவார்.

என் தலை தெளிந்த அன்று பழைய ஊருக்குள் நடந்தோம். நெருக்கமான மண் வீடுகள், ஆள் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்துகள். எல்லாவற்றுக்கும் மேலே ராஜாக்கள் வாழ்ந்த அரண்மனை, ஒன்பது மாடி, மண்ணும் கல்லும் மரமும். ஏறும்போது முதல் முறையாக மதினிக்கு மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்தார். எனக்கு, வெட்கமில்லாமல் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோசமாக இருந்தது.

"இந்த ராஜா எதுக்குத்தா இம்புட்டு ஒசரத்துல போயி குடியிருந்தாரு?"

"எல்லாத்தையும் பாக்கத்தான் மதினி."

மொட்டை மாடிக்கு வந்ததும் காரணம் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் மண் நிற மலை. கீழே, வாய்க்கால் போகிற இடத்தில் மட்டும் பச்சை, அளந்து வரைந்த மாதிரி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு புல்கூடக் கிடையாது. மதினி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் போகிற வழியை விரலாலேயே தொடர்ந்துகொண்டிருந்தார்.

என் போனில் மட்டும்தான் சிக்னல் இருந்தது. அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். மதினி போனைப் பிடுங்கி வெளியே திருப்பினார். "அந்தா தெரியுதுல்ல, வரிசையா மரம்? அதுக்கு இங்கிட்டு, ரெண்டாவது வயலு. நான் பாச்சுனது."

அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அங்க போயும் தண்ணிதான் பாச்சுனியா?"

"பாச்சுனா என்ன? மொறைக்கித் தண்ணி வருது இங்க. மேகத்தப் பாத்துக்கிட்டு நிக்கல யாரும்."

அண்ணன், "ஒடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டார்.

கிளம்புகிற அன்று காலையில் அந்த வயல்காரப் பெண் ஒரு பை நிறைய ஆப்ரிகாட் பழம் கொண்டுவந்தாள். நன்கு கனிந்தது, தொட்டாலே நசுங்கும். ஊர்வரை தாங்காது. மதினி டெல்லி ஏர்போர்ட்டிலேயே பையைப் பிரித்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். தயங்கினவர்களுக்கும் "நம்ம வயலுக்காரப் பிள்ள குடுத்தது, சும்மா தின்னுங்க" என்று கையில் வைத்து அழுத்தினார். அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் எல்லோரும் தின்றார்கள்.