ஒரு காபிக்குப் பன்னிரண்டு கிலோ நெல்

ஷார்ஜாவில் மகள் எங்களுக்கு வாங்கிக் கொடுத்த முதல் காபியின் விலை பன்னிரண்டு கிலோ நெல். பலகையில் பதினைந்து திர்ஹம் என்றுதான் போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதை நிமிர்ந்து பார்த்தார். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்கள் மேல் ஓடியது. இருபத்திரண்டால் பெருக்கினால் ரூபாய். அதை நெல் விலையால் வகுத்தால் கிலோ. கடைக்காரன் மீதிச் சில்லறையை எடுப்பதற்குள் கணக்கு முடிந்துவிட்டது.

“வேண்டாம் கண்ணு. பன்னண்டு கிலோ நெல்லை ஒரே டம்ளர்ல குடிக்கற அளவுக்கு எனக்குத் தொண்டை பத்தாது.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது முதல் வாரம்.

மலையாள நாட்டு எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் எங்களுக்கு இரண்டு போக வயல். நெல்லை லாரியில் ஏற்றிவிட்டால் பணம் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் அவருக்கு ரூபாயின் மேல் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. கையால் அள்ளிப் பார்க்கக்கூடியது நெல்தான். வீட்டில் மின்விசிறி வாங்கியபோதும், மகளைக் கல்லூரியில் சேர்த்தபோதும் மூட்டைக் கணக்குதான் பேசினார். அந்தக் கணக்கில் படித்து வந்த பிள்ளைதான் இன்று ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறாள்.

இரண்டாம் போகம் அறுத்த கையோடு ஒரு மாதத்துக்கு என்று போனோம். டாக்ஸி ஏறினால் ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. முடி வெட்டினால் அரை மூட்டை. நான் ஒரு நாள் பொறுமை இழந்தேன்.

“ஏனுங்க, கடல் தாண்டி வந்தும் களத்துலயே நிக்கறீங்களே. செத்த நேரம் சும்மாத்தான் இருங்களே.”

“நெல்லுக்கு வாயில்லையில்ல, நாந்தான பேசோணும்” என்றார்.

மகளின் சிரிப்பு மெல்ல நின்றது. கடையிலிருந்து வந்ததும் விலைச் சீட்டுகளைச் சமையலறையில் நின்று நகத்தால் சுரண்டி எடுப்பாள். ஆப்பிளில் ஒட்டியிருக்கும் சீட்டைக்கூட விடமாட்டாள். ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டாள்: “அப்பா, ஒரு காபிய வெறும் காபியாப் பாக்கவே மாட்டீங்களா? நான் சம்பாரிச்சு வாங்கறதுங்க.” அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

சித்திரை விஷு முடிந்து ஊருக்குப் போகலாம் என்று மகள் எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டாள். அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூரில் ஒரு மாதத்துக்குத்தான் வாங்கி வந்திருந்தோம். மகள் எங்களை மருந்துக் கடைக்கு அழைத்துப் போனாள். மாத்திரைப் பெட்டியை எடுத்து வைத்து விலை சொன்னார்கள். மருந்தில் விலைச் சீட்டைச் சுரண்ட அவளுக்கு நேரம் இருக்கவில்லை. அவர் கட்டைவிரல் ஓடி நின்றது. இரண்டு மூட்டை.

“இப்ப வேண்டாம். பையில இன்னும் நெறையக் கெடக்குது” என்று சொல்லி வெளியே நடந்துவிட்டார். நாங்களும் நம்பினோம். மனுஷன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

விஷுவுக்கு மறுநாள் காலை, டம்ளரைப் பிடித்திருந்த வலது கை தானாகத் தொங்கிற்று. டீ மடியில் கொட்டியது. சுட்டது என்றுகூட அவர் சொல்லவில்லை. மகள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மாற்றுச் சட்டை தேடி அவர் பையைத் துழாவினேன். காகிதத்தில் மடித்த பாதி மாத்திரைகள் கையில் வந்தன. இருந்த கொஞ்சத்தையும் பிளேடால் அறுத்து, பாதி பாதியாக விழுங்கி நாளைத் தள்ளியிருக்கிறார்.

பக்கவாதம். உயிர் தப்பியது. கை சில நாளில் கொஞ்சம் மீண்டது, பேச்சும் வந்தது. டாக்டர் ஒரு மலையாளி. எங்கள் பாஷை புரிந்தவர். படுக்கையருகே உட்கார்ந்து, நூறில் ஏழு போனால் எவ்வளவு என்று கேட்டார். இவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வழி தவறினவர் மாதிரி விழித்தார். தலையில் கணக்கு இருந்த இடம் அடிபட்டுவிட்டது என்று டாக்டர் மகளிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது மகள் கட்டிய பணம் எத்தனை மூட்டை என்று அவர் கேட்கவில்லை. அதுவரை அடக்கி வைத்திருந்த எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

இப்போது வீட்டில் இருக்கிறோம். அவர் கம்பு ஊன்றி வரப்பில் நடக்கிறார். மடையில் தண்ணீர் எந்தப் பக்கம் கசிகிறது என்று பார்த்ததுமே சொல்லிவிடுகிறார். நெல் எடை போடும்போது மட்டும் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்கிறார். தராசுப் பக்கத்தில் நான் நிற்கிறேன்.

போன வாரம் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அதே காபிக் கடை வாசல். கையில் அதே பெரிய கோப்பை.

“அப்பா, இது எத்தன கிலோன்னு சொல்லுங்க பாக்கலாம்.”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பன்னண்டு என்று ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று நான் வேண்டாத தெய்வமில்லை. அவர் கோப்பையை வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரல் சுண்டுவிரல் கணுவில் ஏறி, அடுத்த விரலுக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

“ஆறிப்போயிரும். குடி கண்ணு” என்றார்.

அங்கே இருந்த நாளெல்லாம் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் ஏங்கினாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதாள்.