அத்தை போகாமல் இருந்த ஆஸ்பத்திரி

என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நான் டவுனில், குருசுக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி, வயலை ஒட்டிய அந்த வீட்டுக்கு வந்தபோது நெல்லுக்கும் களைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. என் கணவர் சிறுவனாக இருந்தபோதே மாமனார் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு நடவு, மல்லாட்டைக் கடலை பிடுங்குவது, மாடுகள், மோட்டார், கூலிக்கு ஆள் கூப்பிடுவது எல்லாம் அத்தை பொறுப்புதான். அவர் வரப்பில் வருவதைப் பார்த்தாலும் களையெடுக்கும் பெண்கள் பேச்சை நிறுத்தமாட்டார்கள், அவரையும் அதில் இழுத்துக்கொள்வார்கள்.

பால் கறந்து ஊற்றி, மடை திருப்பிவிட்டு, பஸ் பிடித்து டவுனுக்குப் போய்விடுவார். ஊரில் எந்தப் பெண்ணுக்கு ஸ்கேன், ஆபரேஷன், பிரசவம் என்றாலும் ஆஸ்பத்திரிக்குத் துணை அத்தைதான். யாருமில்லாமல் படுத்திருப்பவர்களுக்குத் தூக்குவாளியில் கொண்டுபோன கஞ்சியை ஊட்டுவார், தலை வாரிவிடுவார். யாரும் அவரை அனுப்பவில்லை.

"வயல்ல இவ்ளோ வேலைய வச்சிக்கினு ஏன் அத்த?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒம் புருசனுக்கு மூத்தது ஒண்ணு அந்த ஆஸ்பத்திரிலதான் பொறந்து செத்துப்போச்சி. எங்கூட யாரும் இல்ல. எதுர் கட்டில்காரி எழுந்து வந்து எங் கையப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தா. அவ பேருகூட நான் கேக்கல."

ஓர் ஆடி மாதம், நாற்று விட்டிருந்த சமயம். அத்தையால் இடது கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. சுளுக்கு என்றார். எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்தேன். அக்குளுக்குக் கீழே கல் போல ஒன்று விரலில் தட்டியது.

"எப்பேர்ந்து அத்த இது?"

"தை அறுப்புக்கு முன்னாடியே."

"எத்தினி பேரக் கூட்டிக்கினு போயிருக்கீங்க. இது இன்னான்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் போவல" என்று சொல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அவர் பயந்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அத்தனை கட்டில்களின் அருகே உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அவருக்குள்ளேயே தங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார், எங்களுக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே நானும் கணவரும் அழைத்துப் போனோம். "இன்னிக்கு யாரக் கூட்டினு வந்தீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்ட நர்ஸ், என் கையிலிருந்த சீட்டில் பெயரைப் பார்த்ததும் அத்தையின் தோளில் கை வைத்தார். புற்றுநோய் நுரையீரல் வரை பரவியிருந்தது.

செய்தி தெரிந்து, அத்தை துணைக்குப் போயிருந்த பெண்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி ரசம் சாதம், ஒருத்தி இளநீர். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "வர வேணாம்னு சொல்லும்மா. என்ன இப்புடிப் பாக்க வேணாம்" என்றார்.

எல்லாரும் போனபின் ஒரு மதியம், "சரியாப் பூடும் அத்த" என்றேன்.

"அத நீ சொல்லாத. நான் எல்லார்கிட்டயும் அதத்தான் சொன்னேன். சும்மா பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்தால் சங்கடப்படுவாரோ என்று கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் போக நெல் கதிர் வாங்கும் முன்பே அவர் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் சாவு ஊர்வலத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். அன்று வந்தவர்கள் நிற்கவில்லை. டவுனிலிருந்து வந்த, நாங்கள் அதுவரை பார்த்திராத பெண்கள் பலர் அழுதுகொண்டே பாடைக்குப் பின்னால் நடந்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

அறுவடையை மெஷின் வைத்து முடித்தோம். கணவருக்குத் தட்டாஞ்சாவடி கம்பெனியில் வேலை, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். மாடுகளும் விலைக்குப் போயின.

சில வாரம் கழித்துப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் இளம்பெண் வாசலில் வந்து நின்றாள். வயிற்றில் பிள்ளை. "அம்மா இல்லீங்களா? நாளைக்கு ஸ்கேன். புள்ள உண்டானா நான் கூட வரேன்னு எப்பவோ சொல்லியிருந்தாங்க." விஷயத்தைச் சொன்னேன். வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் அவளோடு நான் போனேன். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும், "எந்தப் பக்கம் போவணும்க்கா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. அத்தையோட நான் வந்தது வேற வார்டு. யாரையாவது கேப்போம்" என்றேன்.