எரியுதா என்று கேட்பவர்

"உள்ள எரியுதா? வெளிக்குப் போறப்ப ரத்தம் வருதா? மொத்தம் எவ்வளவு செலவாச்சு?"

கதிர்வீச்சுப் பிரிவிலிருந்து எந்த ஆண் வெளியே வந்தாலும் அப்தோன் சிரினோஸ் பின்னாலேயே போய் இந்த மூன்றையும் கேட்டுவிடுவார். பதில் சொல்பவருக்கு வாசல் வண்டியில் ஒரு தம்ளர் சூடான மூலிகைப் பானம். பதில், மகளின் பழைய பள்ளி நோட்டில் ஏறும். அப்தோனுக்கு இன்னும் சிகிச்சையே தொடங்கவில்லை. வாராந்தர விடுமுறையான செவ்வாய்க்கிழமையை இப்படித்தான் கழிக்கிறார்.

கயாவோ துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறார். நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. இறங்க எட்டு நிமிடம். புரோஸ்டேட் சுரப்பியில் புற்று என்று சொன்ன டாக்டரிடம் அவர் முதலில் கேட்டது உயிரைப் பற்றி அல்ல. "அவசரமா வந்தா எட்டு நிமிஷம் அடக்க முடியுமா டாக்டர்?"

டாக்டர் மூன்று வழி சொன்னார். இந்த மருத்துவமனையில் இருபது நாள் கதிர்வீச்சு. காப்பீடு உண்டு, ஆனால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், காத்திருப்பதில் ஆபத்தில்லை. தனியாரிடம் ஐந்தே நாள், நாளுக்கு அதிகக் கதிர் அளவு, செலவு முப்பதாயிரம் சோல். இல்லையென்றால் கதிர்வீசும் விதைகளை உள்ளேயே பதிப்பது. அது இன்னும் விலை. "முடிவு உங்க கையில," என்று பேனாவை மூடினார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் மனிதரை ஆட்டிவிட்டது.

நோட்டின்படி, தையல்காரர் சபினோவுக்கு இருபது நாள். இரண்டாவது வாரத்திலிருந்து அரைமணிக்கு ஒருதரம் கழிப்பறைக்கு ஓட்டம், ஒன்றரை மாதத்தில் அடங்கியது. வாத்தியார் லுதேன்யாவுக்கு ஐந்து நாள். "பத்து நாளு மிளகாய அரைச்சு ஊத்துன மாதிரி. அப்புறம் ஒண்ணுமில்லய்யா." விதை பதித்த மீன்காரருக்கு வேறு குறை: "பேத்திய மடியில வெக்காதேன்னுட்டாங்க." இருபத்து மூன்று பேர் ஆயிற்று. ஒரே இயந்திரத்தில் படுத்த இருவரில் ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் உள்ளாடைக்குள் துணி மடித்து வைத்திருக்கிறார். எழுத எழுதக் குழப்பம் கூடியது. அப்தோன் வேலை நாளில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினார். ஓய்வுக்குப் பின் டாக்ஸி ஓட்ட வாங்கிவைத்த காரை விற்று ஐந்து நாள் வழியில் போவதென்று ஒரு வாரம், வேண்டாமென்று ஒரு வாரம்.

ஒரு மதியம் மனைவி சொராய்தா மீன்முள் எடுத்தபடியே நோட்டைப் புரட்டினாள்.

"ஏன்யா, ஊர் மூத்திரத்தையெல்லாம் எழுதிவெச்சிருக்க. இன்னொண்ண ஏன் கேக்கல?"

"எத?"

"படுக்கை விஷயத்த."

அவர் காது சிவந்தது. "ஆம்பளைங்ககிட்ட அத எப்பிடிடி கேக்கறது?"

"பொம்பளைங்ககிட்ட நான் கேக்கறேன்."

அடுத்த செவ்வாய் அவளும் வந்தாள். வரிசை நாற்காலிகளில் காத்திருந்த மனைவிமார் நடுவே உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அங்கே சிரிப்பு. கொஞ்சம் கண்ணைத் துடைப்பதும் நடந்தது. அப்தோன் எட்ட நின்று வியர்த்தார்.

திரும்பும் பேருந்தில் சொன்னாள்: "அஞ்சு நாளோ இருபது நாளோ, நெறையப் பேருக்கு அது மெல்லக் கொறையுதாம். சிலருக்கு இல்லையாம். எந்த மெஷினுக்கும் கேரண்டி இல்ல. அதுக்காகக் கார விக்கறதுன்னா விக்காத."

"அதுக்காகன்னு யார் சொன்னா?"

"முப்பது வருஷமா பாக்கறேன்ல."

மூன்றாவது நிறுத்தத்தில் அவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

"அப்ப இருபது நாளு போதுங்கறியா?"

"போதும். நான் கூட வரேன்."

மூன்று மாதம் கழித்து, சிகிச்சையின் முதல் நாள். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டுமென்று அரை லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்தார்கள். இயந்திரம் நாற்பது நிமிடம் தாமதம். அவர் தொடைகளை இறுக்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். கடைசியில் பெயரைக் கூப்பிட்டு, செருப்பு ஷூ எதுவும் உள்ளே கூடாது என்றாள் செவிலி. அப்தோன் குனியப் பார்த்தார். முடியவில்லை.

சொராய்தா அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து ஷூ கயிறுகளை அவிழ்த்தாள். இரண்டாவது ஷூவைக் கழற்றும்போது, அத்தனை பேர் பார்க்க, அவர் தன் கையை அவள் தலைமயிரில் வைத்தார்.