அண்ணன் திருத்த வேண்டிய வரி

அந்த இணையதளத்தில் செத்தவர்களின் பக்கம்தான் எல்லோருக்கும் திறக்கும். உயிரோடு இருப்பவர்களின் பக்கம் பூட்டியே கிடக்கும், பெயர்கூட வெளியே தெரியாது. வம்சாவளி எழுதும் தளம் அது. யார் வேண்டுமானாலும் தன் குடும்பத்து ஆட்களைப் பற்றி எழுதலாம். அடுத்தவர் எழுதியதில் தப்பிருந்தால் திருத்தலாம். மாதம் ஒரு நல்ல கட்டுரையைப் பொறுக்கி முகப்பில் வைப்பார்கள். தமிழில் பொறுக்கும் வேலையை மலேசியாவில் இருக்கும் ஒரு பெரியவரும் நானும் பார்த்தோம். அவருடைய தாத்தா வலங்கைமான் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பம்பாயில் லாரி கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, கத்தாரில் கம்பி கட்டும் வேலை என்று சுற்றிவிட்டு, தஞ்சாவூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறையில் ஒண்டியிருந்தேன். சம்பளமில்லாத இந்த வேலையை நான் பிடித்துக்கொண்டது அண்ணனுக்காக.

ஊரில் பாதி இளவட்டங்கள் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், கல்யாணமான மறுவருஷமே அண்ணன் வளைகுடாவுக்குப் போனான். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. நான் கத்தாருக்குப் போனதே அவனைத் தேடித்தான். அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான் என்றார்கள். எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை. இந்தத் தளத்தின் முகப்பை வளைகுடாத் தமிழர்கள் நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பெரியவருக்கு அனுப்பினேன்.

போனில் கூப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இறந்த தேதி போடுற கட்டத்தை நிரப்பினாத்தான் பக்கம் தொறக்கும். இத்தனை வருஷமாச்சு. நிரப்பிடுங்களேன்."

அதை நானாகச் செய்யக் கை வரவில்லை. ஊருக்குப் போக ஒரத்தநாடு பஸ் ஏறினேன். எங்கள் வீட்டில் அண்ணி மட்டும்தான் இருந்தார். கோடை நெல்லைத் தார் ரோட்டில் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"செத்துட்டாருன்னு போட்டாத்தான் காட்டுவாங்களா?"

"ஆமா அண்ணி. போட்டா, பாத்துட்டு யாராச்சும் தகவல் சொல்லலாம்."

"கம்ப்யூட்டர்ல கொன்னுபோட்டு, கம்ப்யூட்டர்லயே தேடப் போறீங்க. நல்லா இருக்கு தம்பி."

ஒரு பஸ் நெல்லின் மேல் ஏறிப் போயிற்று. சிதறியதைக் காலால் கூட்டிக்கொண்டே சொன்னார். "ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக் கயிறு மாத்தப் போனா, ஆத்தங்கரையில பொம்பளைங்க என்னை ஒரு மாதிரி பாப்பாளுவோ. இருந்தும் வருஷா வருஷம் மாத்திக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க எதை வேணாலும் எழுதுங்க. அதை மட்டும் எழுதாதீங்க."

திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அப்பா இறந்துவிட்டார். அப்பாவின் பக்கம் திறக்கும். அதில் அண்ணன் பெயர் வராது, ஆனால் அவனைச் சீண்டலாம்.

நான் என்ன கதை சொன்னாலும் அண்ணன் குறுக்கே வந்து, "டேய், தப்பா சொல்லாத" என்பான். தன் சாப்பாட்டை விட்டுக்கொடுப்பான். நடந்ததை மாற்றிச் சொன்னால் விடமாட்டான். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, நாற்றுக்கட்டு ஏற்றிய வண்டி புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கால்வாயில் சரிந்து, அப்பா தண்ணீரோடு போனார். அண்ணன்தான் குதித்து, அவரைத் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தான். நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்றார் அப்பா. நாங்கள் மூவரும் அதை வெளியில் விடவேயில்லை.

அப்பாவின் பக்கத்தில் அவர் நட்ட வயல், வாங்கிய மாடு, மூத்தவன் இல்லாததால் இளையவன் கொள்ளி வைத்தது எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினேன். ஆற்றில் குதித்துக் காப்பாற்றியதை மட்டும் இளைய மகன் என்று மாற்றி எழுதினேன். அது தப்பென்று தெரிந்தவன் இனி அண்ணன் ஒருவன்தான்.

"இதுக்கு ஆதாரம்?" என்று கேட்டார் பெரியவர்.

"நானே சாட்சிங்க."

நம்பினார். ஜூலை மாதம் முழுக்க அப்பா முகப்பில் இருந்தார். வேலை தேடிப் போன இடத்திலும், டீக்கடையிலும், கண் விழித்த உடனேயும் போனைத் திறந்து பார்த்தேன். யாரோ தாலுகா பெயரைத் திருத்தியிருந்தார். இன்னொருவர் மாட்டின் ஜாதி வேறாக இருக்கும் என்றார். ஒரு அம்மாள் எனக்குத் தைரியசாலி என்று பட்டம் கொடுத்திருந்தார். படித்ததும் போனை மூடிவைத்தேன். அந்த வரியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. மாதம் முடிந்து வேறு ஒரு குடும்பத்தின் கட்டுரை முகப்புக்கு வந்தது. அதையும் நான்தான் பொறுக்கினேன்.

ஆடிப் பதினெட்டன்று அண்ணியோடு ஆற்றுக்குப் போனேன். புதுக் கயிறு மஞ்சள் ஈரத்தோடு கழுத்தில் இருக்க, வெல்லம் கலந்த காப்பரிசியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த வரியைப் பற்றிச் சொன்னேன், உண்மையில் குதித்தது யார் என்பதையும்.

"யாரும் திருத்தலையா?"

"இல்ல அண்ணி. நானே சரியா மாத்திடட்டுமா? பெரியவரு என்னை நம்பி முகப்புல வச்சாரு."

"வேணாம். இருக்கட்டும்," என்றார். "திருத்தறது உங்க அண்ணன் வேலை."