பாகம் பிரிந்த கார்

மோட்டார் வண்டிக்கு மனு எழுதுகிறவரிடம் யாரும் சந்தோஷமான சமயத்தில் வருவதில்லை. அரசாங்க மேஜை முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற உங்களுக்கு இதை விளக்க வேண்டாம். யுத்த காலத்தில், பி.ஏ. முடித்த கையோடு, அரியலூர் ஸ்டேஷன் அருகே ஒரு மோட்டார் ஏஜெண்டிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். உதிரி பாகம் கிடைக்காத காலம். செத்த லாரியின் இன்ஜின் ஏதாவதொரு காருக்குள் மறுபிறவி எடுக்கும். அந்தப் பிறப்பைத் திருச்சி மோட்டார் பதிவு ஆபீசுக்குத் தெரிவிப்பது என் வேலை.

ஆளுக்கு ஒன்று

கீழப்பழுவூர்ப் பக்கத்திலிருந்து கோவிந்தசாமி என்பவர் வந்தார். ரயிலை விட்டு இறங்குகிறவர்களைப் பெரம்பலூருக்கு ஏற்றிப்போகும் வாடகைக் கார் அவருடையது. அது ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். லாரி இன்ஜின் ஒன்றை வாங்கிக் காரில் மாட்டியிருந்தார். பழையது உடைந்துவிட்டதா என்று கேட்டேன். நன்றாக ஓடுகிறது, தம்பியின் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறது என்றார்.

அண்ணனும் தம்பியும் சொத்தைப் பிரித்தபோது, காரை மற்றவருக்கு முழுசாக விட இருவருக்கும் மனம் வரவில்லை. பஞ்சாயத்தார் வெகுநேரம் வெற்றிலை மென்றுவிட்டு, அண்ணனுக்கு உடலையும் தம்பிக்கு இன்ஜினையும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. சிரிப்பை மறைக்க நான் முகத்தை டைப் மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மாடு ரெண்டு இருந்துச்சு, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டோம். கார் ஒண்ணுதானம்மா இருந்துச்சு."

சட்டம் கேட்பது

புது இன்ஜினின் நம்பர் வேண்டும், வாங்கிய ரசீது வேண்டும். பழையது யாரிடம் போனது என்று எழுதி, பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு மோட்டார் இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்ப்பார். இன்ஜின் நம்பரும் பதிவுச் சான்றும் ஒத்துப்போகாத வண்டிக்குப் பெட்ரோல் ரேஷன் கூப்பன் கிடையாது. கூப்பன் இல்லாமல் சவாரி கிடையாது. இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை அரியலூருக்கு வருகிறார், விட்டால் மறுபடி எப்போது வருவாரோ என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், தம்பி கையெழுத்து என்றதும் எழுந்துவிட்டார்.

"அவங்கிட்ட போயி நிக்கிறதுக்கு, காரைக் கோழிக் கூண்டா வச்சுக்கிறேன்."

கிணற்றடியில்

நானே பஸ் ஏறிப் போனேன். தம்பி ராஜமாணிக்கம் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கல்மேடைமேல் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் குடித்து இருமிக்கொண்டிருந்தது கார் இன்ஜின். போக ஓர் ஊரில்லை என்று தெரியாமல் அது ஓடிக்கொண்டே இருந்ததைப் பார்க்க எனக்கு ஏனோ தாங்கவில்லை. காகிதத்தை நீட்டினேன். அவர் கையைக் கழுவினார், துடைத்தார், வாங்கவில்லை.

"கையெழுத்து வேணும்னா அவரை வந்து கேக்கச் சொல்லுங்க. கார்லயே வரச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை

இன்ஸ்பெக்டர் பயணியர் விடுதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் இல்லாத கார் தெருமுனையில் திரும்பி வந்தது. முன்னால் இரண்டு மாடுகள் அதை இழுத்து வந்தன. கோவிந்தசாமி உள்ளே ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தார். மாட்டுக் கயிற்றைப் பிடித்து நடந்து வந்தவர் ராஜமாணிக்கம். பின்னால் ஒரு கார் வருவதே தெரியாதவர்போல இருந்தார். அருகில் போய் மெதுவாக விசாரித்தேன்.

"ஒத்த மாடு இழுக்காதுன்னு, எம் மாட்டை இரவல் கேட்டு ஆள் அனுப்பியிருந்தாரு. எம் மாடு நான் இல்லாம நடக்காது, அதான்."

இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து நம்பரைச் சரிபார்த்தார். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். கோவிந்தசாமி காலி டாங்கியின் மூடியைத் திறந்து காட்டினார். ராஜமாணிக்கம் மாடுகளை அவிழ்த்துத் தள்ளிக் கட்டிவிட்டு, மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மண்ணெண்ணெயில் ஓடும் கிணற்று இன்ஜினை முதலில் கிளப்ப வைத்திருந்த பெட்ரோல். டாங்கியில் ஊற்றினார். இன்ஜின் உறுமி ஓடியது. பழையது யாரிடம் இருக்கிறது என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். "எங்கிட்டதாங்க" என்று சொல்லி, ராஜமாணிக்கம் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, பானெட்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டரும் போட்டார்.

பாட்டில் பெட்ரோல் அதோடு தீர்ந்தது. கூப்பன் வரும்வரை மறுபடியும் மாடுதான். பூட்டி முடித்ததும், அண்ணன் காரின் முன் கதவைத் திறந்து பிடித்தார்.

"உள்ள வந்து உக்காரு, மாணிக்கம்."

தம்பி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"நான் உக்காந்துட்டா மாட்டை யாரு ஓட்டுறது?"

பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிக்காக மோட்டார் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. பழைய இன்ஜின் எங்கே என்று மட்டும்தான் அது கேட்டது.